மாசத்துக்கு ரெண்டு கண்டம்

லாரிக்காரனைத் திட்டாதீங்க சார். அவன் பாவம், ஏறச் சொன்னாங்க, ஏறறான். திட்டியே தீரோணும்னா என்னைத் திட்டுங்க. இந்தக் கரட்டூர்க் கணவாயில இத்தனை டேங்கர் வரிசை கட்டி நிக்குதுன்னா, நம்ம பஸ்சு முக்கால் மணி நேரமா இந்த வேப்பமரத்தடில கெடக்குதுன்னா, அதுல என் பங்கும் இருக்குது. பெருமைக்குச் சொல்லலீங்க. ரெக்கார்டுல இருக்குது.

இல்லீங்க, நான் டிரைவர் இல்லை. எனக்கு மொபெட்டே தடுமாறும். சங்ககிரில ஒரு டிரான்ஸ்போர்ட்டுல வண்டிப் பேப்பர் பார்க்கறவன். பேரு வரதராசு. மொத்தம் பதினெட்டு டேங்கர். எஃப்சி, பர்மிட், இன்சூரன்சு, புகை சர்டிபிகேட்டு, டிரைவருக்குக் கண்ணு டெஸ்ட்டு, எது எந்தத் தேதியில முடியுதுன்னு சட்டுனு கேளுங்க, பட்டுனு சொல்லுவேன். என் சம்சாரம் பொறந்த தேதி கேட்டா தெரியாது. அதுக்கு முடியற தேதி போடலை பாருங்க, அதனால மனசுல நிக்கறதில்லை.

எங்க பதினெட்டு வண்டியும் ஒரே கம்பெனிக்குத்தான் ஓடுது. மலைக்கு அக்கட்டால இருக்கற கெமிக்கல் கம்பெனி. பேரு வேண்டாம், பேரைச் சொல்றதுக்கே ஒரு ஃபாரம் வெச்சிருப்பாங்க. அங்க சேஃப்டிதான் சாமி. கேட்டுல நுழைஞ்சா ஹெல்மெட்டு. மாடிப்படி ஏறினா கம்பியைப் பிடிக்கோணும். நான் ஒரு தடவை ரெண்டு கையிலயும் ஃபைலோட ஏறீட்டேன்னு கீழ எறங்கி மறுபடியும் ஏறச் சொன்னாங்க. ஏறினேன். ஃபைலைக் கக்கத்துல இடுக்கீட்டு ஏறினேன்.

அங்க ஒரு சேஃப்டி ஆபீசர், பிரணவ்னு பேரு. இருபத்தெட்டு வயசு இருக்கும். நல்ல பையன், அதுல குறை சொல்ல மாட்டேன். யாராச்சும் தும்மினாக்கூட நோட்டுல எழுதிக்குவார். அவர் கொண்டுவந்ததுதான் இந்த நியர் மிஸ்சு. அதாவது, ஆக்சிடெண்டு ஆகப் பார்த்து, ஆகாமத் தப்பிச்சா அதுக்குப் பேரு நியர் மிஸ்சு. நம்ம பக்கம் கண்டம்னு சொல்லுவோமே, அதேதான். தப்பிச்ச டிரைவர் அதை ஃபாரத்துல எழுதிக் குடுக்கோணும். கம்பெனி படிச்சுப் பார்த்து, ஆக்சிடெண்டு வர்றதுக்கு முன்னாடியே சரி பண்ணிரும். நல்ல யோசனைதான். நானும் கை தட்டினேன்.

முதல் மாசம் டிரைவருங்ககிட்ட ஃபாரம் குடுத்தேன். ஒருத்தன் எழுதணுமே. "நேத்து எங்க மாமியா வந்துச்சுங்ணா, மயிரிழையில தப்பிச்சேன், போட்டுக்குங்க"ன்னான் ஒருத்தன். பதினெட்டு ஃபாரமும் வெறுசா அனுப்பினேன். கூப்பிட்டுட்டாங்க. "மிஸ்டர் வரதராஜ், பதினெட்டு வண்டி ஒரு மாசம் ஓடி ஒண்ணுமே நடக்கலைன்னா, நீங்க மறைக்கறீங்கன்னு அர்த்தம்"னார். செரின்னு அடுத்த மாசம் ஒரு வண்டிக்கு அஞ்சு எழுதி அனுப்பினேன். மறுபடியும் கூப்பிட்டாங்க. "இத்தனை ஆச்சுன்னா உங்க டிரைவருங்க அஜாக்கிரதைன்னு அர்த்தம்." அப்பறம் எத்தனைங்க சார் வேணும்னு நேராவே கேட்டேன். வண்டிக்கு மாசம் ரெண்டு இருந்தா ஆரோக்கியம்னார். ஆரோக்கியம்! ரத்தத்துல சர்க்கரை மாதிரி, கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.

பதினெட்டு ரெண்டு முப்பத்தாறு. மாசாமாசம் ஒண்ணாந் தேதி காலையில சாமி கும்பிட்டுட்டு உக்காந்தேன்னா, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள முப்பத்தாறு கண்டத்தையும் முடிச்சுருவேன். அந்த மாசத் தேதியெல்லாம் பரப்பிப் போட்டு வெச்சுக்கிட்டு, அந்தந்தத் தேதி வந்ததும் ஒவ்வொண்ணா அனுப்புவேன். மூணாந் தேதி நாய். எட்டாந் தேதி ஆட்டு மந்தை. பதினொண்ணுல கல்யாண வேன். இருபதுல தென்னை மட்டை. எல்லாம் இங்கிலீஷ், கம்ப்யூட்டர்ல அடிச்சது. எல்லாத்துலயும் டிரைவர் நிதானமா பிரேக் பிடிச்சிருப்பான், நாய் பொழைச்சிருக்கும். நான் ஒரு நாயைக் கூட சாகடிச்சதில்லை சார். மனசு வராது.

எடம் போடோணுமே? அங்கதான் யோசிச்சேன். ஜன நெரிசலான ஊரைப் போட்டா எவனாச்சும் போயி விசாரிப்பான், அந்த ஊர்க்காரனுக்குத் தொந்தரவு. அதனால பூசாரிக்காடு பிரிவைப் போட்டேன். பைபாஸ்ல போனீங்கன்னா தெரியும், ரெண்டு மைல் நூல் புடிச்ச மாதிரி ரோடு, ரெண்டு பக்கமும் சோளக்காடு. ஒண்ணுமே நடக்காத எடம். ஒண்ணுமே நடக்காத எடத்துல நடந்ததா எழுதினா யாருக்கும் பாதகம் இல்லைன்னுதான் எழுதினேன். ஒரு வருசம், பன்னெண்டு மாசமும் பூசாரிக்காடுதான். நல்ல எண்ணத்துல பண்ணினது.

அந்தப் பிரணவ் சும்மா இருக்கலாமில்ல? எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி மேப்பு போட்டுட்டார். மீட்டிங்குல திரையில காட்டறாங்க, தமிழ்நாடு பூராவும் பச்சை, பூசாரிக்காடு மட்டும் அம்மை போட்டாப்பல செவப்பு. "நானூறு நியர் மிஸ்! இந்த எடத்துல அடுத்த ஆக்சிடெண்டு நிச்சயம்"ங்கறார். அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு சார். முதல்ல போர்டு வெச்சாங்க, நாய்கள் குறுக்கே வரும் பகுதின்னு. பூசாரிக்காட்டுல மொத்தமே நாலு நாய், அதுல ஒண்ணுக்கு நடக்க முடியாது. அந்த ஊர்க்காரங்க போர்டைப் பார்த்துட்டு, நம்ம நாய்களைக் கம்பெனிக்காரன் எதுக்கு இப்படி ஏசறான்னு ஒரு வாரம் குழம்பிக் கெடந்தாங்களாம்.

போர்டோட விட்டாங்களா? அந்த ரோட்டுலயே எந்த டேங்கரும் போகக் கூடாதுன்னுட்டாங்க. போனா வண்டியில இருக்கற ஜிபிஎஸ் கத்தும். அதுக்குப் பதில் எந்த வழின்னு பார்த்தாங்க. மேப்புல இந்தக் கரட்டூர்க் கணவாய் பச்சையா இருந்துச்சு. ஏன் பச்சைன்னா, நான் இங்க ஒரு கண்டம் கூட எழுதலை! ஏழு வளைவு, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் கெடங்கு, ஆனா பச்சை. அதுல இருந்து எங்க வண்டி மட்டும் இல்லைங்க, அந்தக் கம்பெனிக்கு ஓடற அத்தனை டிரான்ஸ்போர்ட்டு வண்டியும் இந்த வழிதான். அதான் இந்தக் கூட்டம்.

சொல்லியிருக்கலாமேன்னு பார்க்கறீங்க. என்னன்னு சொல்றதுங்க? நானூறும் பொய்னா? பாராட்டுக் கடுதாசி குடுத்திருந்தாங்க சார் எனக்கு. "நேர்மையான அறிக்கைக் கலாச்சாரம்"னு போட்டிருந்துச்சு. மொதலாளி அதைக் கண்ணாடி போட்டு ஆபீசுல மாட்டியிருக்கார். டிரைவருங்க முணுமுணுத்தாங்க, லோடோட இந்த எறக்கத்துல எறங்கறது கஷ்டம்னாங்க. "கம்பெனி சேஃப்டிக்காகப் பண்ணுது, நாலு பேர் படிச்சவங்க பார்த்துச் சொல்றதுல ஒரு அர்த்தம் இருக்கும்"னு நானே சமாதானம் பண்ணினேன். என் வேலையும் மாறிப் போச்சே. பூசாரிக்காட்டுக்கு வண்டியே போகாதப்ப அங்க நாய் எப்படி வரும்? கண்டத்தையெல்லாம் கணவாய்க்குக் கொண்டுவந்தேன். நாயை எடுத்துட்டுக் குரங்கைப் போட்டேன்.

இப்ப அங்கமுத்து கதைக்கு வர்றேன். எங்ககிட்ட ஒம்பது வருசமா ஓட்டறான். நல்ல டிரைவர்தான், ஆனா ஒரு கெட்ட பழக்கம். என்ன குடியா? அதெல்லாம் இல்லை. சொன்னதை நம்பறது. கம்பெனில டிரைவருங்களுக்கு ட்ரெயினிங் வெப்பாங்க, ஏசி ரூமு, டீ, பிஸ்கெட்டு. அத்தனை பேரும் தூங்குவான். இவன் ஒருத்தன் மட்டும் கண்ணை முழிச்சுக் கேட்டிருக்கான். "நீங்க எழுதிக் குடுத்தா போதும், கம்பெனி நடவடிக்கை எடுக்கும்"னு பிரணவ் சொன்னதை அப்படியே வாங்கி வெச்சிருக்கான்.

போன மாசம் இருபத்தி ரெண்டாந் தேதி ஆபீசுக்கு வந்தான். கையில ஃபாரம். நான் ஒரு காலத்துல குடுத்த ஃபாரம் சார், அதை எங்க வெச்சிருந்தானோ. நீலப் பேனாவுல தமிழ்ல அவனே எழுதியிருக்கான், ஓரத்துல கிரீஸ் கை பதிஞ்சிருக்குது. என்ன எழுதியிருந்தான்னா: "காலை ஏழு பத்து. கரட்டூர்க் கணவாய் மூணாவது வளைவு. பிரேக்கை மிதிச்சேன், பிடிக்கலை. கியரைக் கொறைச்சு ஓரமா மண்ணுல ஏத்தி நிறுத்தினேன். சாமி புண்ணியத்துல எதிர்ல வண்டி இல்லை. பிரேக் பார்த்துட்டுத்தான் இனி வண்டி எடுக்கோணும்." கீழ கையெழுத்து.

நான் என்னங்க பண்ணட்டும்? அந்த வண்டிக்கு அந்த மாசத்துக்கு ரெண்டும் ஒண்ணாந் தேதியே எழுதி வெச்சாச்சு. மூணாவதா ஒண்ணு போனா அஜாக்கிரதை. அதுவும் பிரேக்! நாய்னா ஒரு போர்டோட போகும். பிரேக்குன்னு எழுதினா அன்னைக்கே வண்டியை நிறுத்தி, பதினெட்டையும் வரிசையா நிக்க வெச்சு நட்டு நட்டாக் கழட்டிப் பார்ப்பாங்க. "அடுத்த மாசக் கணக்குல மொத ஆளா உன்னுதைப் போடறேன்"னு மனசுல நெனைச்சுக்கிட்டு, "வெச்சுட்டுப் போ அங்கமுத்து"ன்னேன். மொதலாளிகிட்டயும் சொன்னேன். சொல்லாம இல்லை. அவர் போன்ல இருந்தார், "பிரேக் லேசா இழுக்குதாமுங்க"ன்னேன், தலையை ஆட்டினார். எனக்கு ஆட்டினாரா போன்ல இருந்தவனுக்கு ஆட்டினாரான்னு நான் எப்படிக் கேக்கறது?

இருபத்தாறாந் தேதி மறுபடியும் வந்தான். "அண்ணா, அதை அனுப்பிட்டீங்களா?"ன்னான். போட்டாச்சுன்னேன். அடுத்த மாசத் தட்டுல போட்டுத்தான் வெச்சிருந்தேன், பொய் இல்லையே. அவன் மூஞ்சி அப்படியே தெளிஞ்சிருச்சு சார். "அப்பக் கம்பெனில பார்த்திருப்பாங்க. ஓட்டச் சொல்றாங்கன்னா பாதகமில்லைன்னுதான் அர்த்தம்"னு சாவியை எடுத்துட்டுப் போயிட்டான்.

இருபத்தொம்பதாந் தேதி, அதே மூணாவது வளைவு. எறக்கத்துல லோடு வண்டி. எதிர்ல மினி பஸ்சு, உள்ள பூக்காரங்களும் கட்டட வேலைக்குப் போறவங்களும். அங்கமுத்து வண்டியைப் பாறைப் பக்கம் திருப்பீட்டான். டேங்க்கு ஒடையலை. மினி பஸ்சுல ஒருத்தருக்கும் கீறல் இல்லை. கேபின் மட்டும் அப்பளமாப் போச்சு. வலது கால் ரெண்டு எடத்துல முறிஞ்சு, இடுப்பெலும்பு நகர்ந்து, சேலத்துல ஆஸ்பத்திரில கெடக்கறான். ரெண்டு வருசமா ஆக்சிடெண்டே இல்லைன்னு எங்களுக்கு அடுத்த வாரம் கேடயம் குடுக்கறதா இருந்தாங்க. மேடையில நான்தான் வாங்கறதாப் பேச்சு. சம்சாரம் புது வேட்டியெல்லாம் எடுத்து வெச்சிருச்சு. ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா அந்த பிரேக்குக்கு?

இன்னைக்குப் பதினோரு மணிக்கு அங்க விசாரணை. அதுக்குத்தான் போறேன். வண்டியைப் பரிசோதிச்சவங்க, பிரேக்குக்குக் காத்து போற குழாய் அறுந்திருக்குது, ஆனா மோதறதுக்கு முன்னாடி அறுந்ததா மோதினதுல அறுந்ததான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அதனால பேப்பரை வெச்சு முடிவு பண்ணுவாங்களாம். பேப்பர்ல என்ன இருக்குது? இருபத்தி மூணாந் தேதி, அங்கமுத்து வண்டி, கணவாயில குரங்கு குறுக்க வந்துச்சு, டிரைவர் உடனே நிறுத்தினார், "பிரேக் மிகச் சிறப்பாக வேலை செய்தது"ன்னு இருக்குது. மிகச் சிறப்பாக! அந்த வார்த்தையை எதுக்குச் சேர்த்தேன்னு எனக்கே தெரியலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு, ஒரு வரி கொறைஞ்சுது, சேர்த்தேன்.

பிரேக் நல்லா இருந்துச்சுன்னா தப்பு யார் மேல? தூங்கீட்டான்னு எழுதிருவாங்க. அந்த ரிப்போர்ட்டைத்தான் போலீசு வாங்கிக் கேசு போடும். லைசென்சு போயிரும். கால் நேரானாலும் அவனுக்கு ஸ்டீயரிங் இல்லை. அவனுக்கு வேற தொழில் தெரியாது சார். அது எனக்கும் வருத்தந்தான். கல்லா நான்? ஆனா பிரேக் இல்லைன்னு ஆச்சுன்னா பதினெட்டு வண்டியையும் கம்பெனி வெளிய தள்ளிரும். மொதலாளி நேத்து சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "வரதராசு, குரங்குப் பேப்பர் பத்திரமா இருக்குதல்ல?"ன்னார். அவ்வளவுதான் கேட்டார். பெரிய மனுசன், அதுக்கு மேல பேச மாட்டார். நீலப் பேனா பேப்பர் ஒண்ணு இருக்கறது அவருக்குத் தெரியாது.

இருக்குதுங்க, இந்த ஃபைல்லதான் இருக்குது. அடியில. கிழிச்சிருக்கலாம். நான் பேப்பர் கிழிக்கற ஜாதி இல்லை சார். பழைய டோல் ரசீதையே மூணு வருசம் வெச்சிருக்கறவன்.

அதா முன்னால மூணாவது சீட்டுல, பச்சைச் சீலை, பெரிய பிளாஸ்டிக் கவர் வெச்சிருக்குதே, தெரியுதா? அதுதான் அங்கமுத்து சம்சாரம். பாவாயின்னு பேரு. எனக்கும் சேர்த்து டிக்கெட்டு எடுத்தது அதுதான். வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை. அங்கமுத்து மயக்கம் தெளிஞ்சு கேட்ட மொத கேள்வி மினி பஸ்சுல யாருக்காச்சும் அடியான்னாம். ரெண்டாவது, "வரதராசு அண்ணன்கிட்ட என் காயிதம் இருக்குது, அது போதும், நீ அழாத"ன்னு சொல்லியிருக்கான். அதைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்குது. காலையில பஸ் ஸ்டேண்டுல என்னைப் பார்த்ததும், "அண்ணா, எனக்குப் படிக்கத் தெரியாது, அவரு என்ன எழுதியிருக்காருன்னு ஒருக்காப் படிச்சுக் காட்டுங்க"ன்னுச்சு.

படிச்சேன். நீலப் பேனாவைத்தான் படிச்சேன். இன்னொண்ணு இங்கிலீஷ் ஆச்சே, அதை எப்படிப் படிக்கறது? "சாமி புண்ணியத்துல எதிர்ல வண்டி இல்லை"ங்கற எடத்துல அழுதுருச்சு. இன்னொருக்காப் படிங்கன்னுச்சு. அதையும் படிச்சேன். "நீங்க இருக்கறதுனாலதான் அண்ணா நான் தைரியமா வர்றேன்"னுச்சு. பஸ்சு வந்துருச்சு, ஏறீட்டேன். விசாரணைல என்ன பேப்பர் குடுக்கறேன்னு அதுக்குத் தெரியப் போறதில்லைங்க. அங்க பூராவும் இங்கிலீஷ்லதான் பேசுவாங்க. முடிவு சொன்னப்பறம், "நம்ம கையில என்ன இருக்குது அம்மிணி, நான் குடுத்தேன், அவங்க ஏத்துக்கலை"ன்னு சொல்லிக்கலாம்னு நெனைச்சிருக்கேன். ஏத்துக்கலைன்னா என்ன பண்ண முடியும்? நாப்பது குடும்பம் சார், பதினெட்டு வண்டியை நம்பி. என் குடும்பத்தைச் சேர்த்தா நாப்பத்தொண்ணு. நீங்களே யோசிச்சுப் பாருங்க. யோசிங்க, சொல்ல வேண்டாம்.

ஸ்ஸ். பேசாம இருங்க, எந்திரிச்சு வருது.

என்ன அம்மிணி? இல்லை, இன்னும் நேரம் இருக்குது, பதினோரு மணிக்குத்தான். தண்ணி வேண்டாம், நீ குடி. என்ன? காயிதமா? அது எங்கிட்டப் பத்திரமா இருக்குது, உனக்கெதுக்கு? ஓ. ஆஸ்பத்திரிப் படத்தோட சேர்த்து நீயே கையில குடுக்கறயா. அவங்க அப்படியெல்லாம் வாங்க மாட்டாங்க அம்மிணி, அதுக்கு ஒரு முறை இருக்குது. அவரு சொன்னாரா? உன் கையில குடுக்கச் சொன்னாரா. செரி, இரு. இரு, எடுக்கறேன். இந்தா.

ஏன்? இது இல்லையா? ஆமா, இது அச்சடிச்சது. இது வேற. மாத்தி எடுத்துட்டேன், ஃபைல்ல ஆயிரம் பேப்பர் பாரு. இந்தா, இதுதான். ஆமா, நீலப் பேனா. அவன் கைதான். மடிக்காத அம்மிணி. செரி, மடிச்சுக்க. போ, போயி உக்காரு, பஸ்சு கெளம்பப் போகுது.

பார்த்தீங்கல்ல சார். மொதல்ல எதை நீட்டினேன்னு பார்த்தீங்க. உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது. இருபது வருசத்துல ரசீது வாங்காம நான் விட்ட மொத பேப்பர் அது. எக்ஸ்ரே கவருக்குள்ள வெச்சு, மடியில வெச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்குது பாருங்க. அதை அந்தப் பையன் பிரணவ் கையில குடுத்துச்சுன்னா? தமிழ் படிக்கத் தெரிஞ்ச பையன் சார் அவன். படிப்பான். அப்பறம் தேதியைப் பார்ப்பான். அப்பறம் என்னைப் பார்ப்பான்.

நகருது, பஸ்சு நகருது. கம்பெனி ஸ்டாப்புக்கு அரை மணி நேரம். இப்பவே எந்திரிச்சுப் போயி, "அம்மிணி, அதைக் குடு, நானே வெச்சுக்கறேன்"னு ஒரு வார்த்தை சொன்னா போதும். எதுக்குன்னு கூட கேக்காது சார். சிரிச்சுக்கிட்டே எடுத்துக் குடுத்துரும்.

அதனாலதான் சார் என்னால எந்திரிக்க முடியலை.